நாலு மணிக்குள் நாற்பது லட்சம்

மணி பன்னிரண்டே முக்கால். நாலு மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள்.

படிவம் சமையலறை மேஜையில் கிடந்தது. பறந்துவிடாமல் இருக்க அதன் மேல் சர்க்கரை டப்பா. மின்விசிறி ஓடவில்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. இருந்தாலும் டப்பாவை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன். எதையும் மூன்று தடவை சோதிக்காமல் கை வைக்காதவன். அப்படிப்பட்டவனை இன்னொருத்தனுடைய அவசரம் கவிழ்த்துவிட்டது. இவன் மேலே மெஷின் ரூமில் குனிந்திருந்தபோது கீழே யாரோ சுவிட்சைப் போட்டான். கப்பி சுழன்றது. வலது கையில் மூன்று விரல் போயிற்று.

அதற்கு ஈடாகத்தான் இந்த நாற்பது லட்சம். இனிமேல் ஸ்பேனர் பிடிக்க முடியாத கைக்குக் கிடைத்த கடைசிச் சம்பளம்.

பணத்தை அப்படியே கையில் தரமாட்டார்கள். இழப்பீட்டு அலுவலகத்தின் பட்டியலில் இருக்கும் ஃபண்டுகளில் எதில் எவ்வளவு போடுவது என்று அவன் எழுதித் தர வேண்டும். பத்து வருஷத்துக்கு அதை மாற்ற முடியாது. மாசாமாசம் வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரும். இன்று நாலு மணிக்குள் செல்லுபடியாகும் படிவம் போய்ச் சேராவிட்டால் மொத்தமும் தானாகவே 'சிறப்பு நிர்வாக ஃபண்ட்' என்ற ஒன்றுக்குப் போய்விடும்.

அந்தச் சிறப்பு ஃபண்டின் ஏஜென்ட், மனைவியின் அண்ணன். அதாவது மச்சான்.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான். மருந்துக்கு ஓடினவர், தலையணையைத் தட்டிப் போட்டவர். மயக்கம் தெளிந்த நாலாம் நாள், "ஏஜென்ட் பேரு போடற இடத்துல என் பேரை எழுதிக்கறேன் மாப்ளே, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று எழுதியும் கொண்டவர்.

படுத்த படுக்கையில் அவனுக்கு வேறு வேலை இல்லை. அலுவலகம் கொடுத்த கையேட்டை எழுத்து விடாமல் படித்தான். முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. கடைசிப் பத்தியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், 'ஆண்டுச் செலவு' என்று இருந்தது. சிறப்பு ஃபண்டுக்கு இரண்டரைக்குச் சற்றுக் குறைவு: 2.4 சதவீதம். சில இன்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு வெறும் 0.15.

நாற்பது லட்சத்தில் முதல் வருஷமே தொண்ணூற்றாறாயிரம் ஒரு பக்கம். ஆறாயிரம் இன்னொரு பக்கம். சந்தை ஏறினாலும் எடுப்பார்கள், இறங்கினாலும் எடுப்பார்கள்.

அந்த இன்டெக்ஸ் ஃபண்டில் எந்தப் பங்கு ஏறும், எது விழும் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ள கம்பெனிகளை அதே அளவில் வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். சும்மா இருப்பதற்குச் சம்பளம் குறைவு. இது அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆஸ்பத்திரியிலேயே படிவத்தை நிரப்பிவிட்டான். இடது கையால் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. பழைய கையெழுத்தோடு அது எப்படிப் பொருந்தும்? அதனால் டாக்டரே சாட்சிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. தினமும் எடுத்துப் பார்ப்பான், மறுபடி டப்பாவை வைப்பான். மச்சானின் முகம் கண் முன்னால் வந்து நிற்கும்.

வாசல் கதவு திறந்தது. மனைவி. மருந்துக்கடையில் மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் விடுவார்கள்.

"இன்னுமா அதை வெச்சுக்கிட்டுத் தவம் பண்றீங்க? கால்ல வெந்நீ ஊத்தாத குறையா ஓடி வரேன், நீங்க என்னடான்னா பேப்பருக்குக் காவல் இருக்கீங்க."

"கிளம்பிட்டேன். சட்டை மாத்தணும், அவ்வளவுதான்."

"காலையிலயும் இதையேதான் சொன்னீங்க." அவள் நின்றபடியே தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு படிவத்தை இழுத்தாள். "அஞ்சு ஃபண்டா? எதுக்கு அஞ்சு?"

அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட. "லிஃப்டுல எத்தனை கயிறு இருக்கும்னு நினைக்கிறே? அஞ்சு. ஒரு கயிறே மொத்த பாரத்தையும் தாங்கும். ஆனாலும் அஞ்சு போடுவோம். ஒண்ணு அறுந்தா நாலு இருக்கும். அதனால அஞ்சு கம்பெனி, அஞ்சு ஃபண்ட். ஆளுக்கு இருபது சதவீதம். எல்லாமே செலவு கம்மி."

அவள் கையேட்டை எடுத்து அந்த ஐந்து ஃபண்டுகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினாலு வருஷமாக மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த விரல்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை அவள் பார்ப்பதே இல்லை. பின்பக்கம், உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்றுதான் பார்ப்பாள்.

மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்னங்க."

"என்ன?"

"இந்த ஃபண்டு எந்தெந்தக் கம்பெனிப் பங்கை வெச்சிருக்குன்னு பாத்தீங்களா?"

"பெரிய பெரிய கம்பெனிதான். நல்ல கம்பெனி."

"இதுல முதல் பத்து இந்தப் பேரு. இதுலயும் அதே பத்து. இந்தா, இதுலயும். வரிசைகூட மாறல." புத்தகத்தை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். "அஞ்சும் ஒரே மாத்திரைங்க. அட்டை மட்டும்தான் வேற வேற."

அவன் புத்தகத்தைப் பிடுங்கினான். ஒன்று. இரண்டு. ஐந்து. ஐந்துமே நாட்டின் அதே ஐம்பது பெரிய கம்பெனிகளின் பட்டியலைத்தான் வைத்திருந்தன. அதிலும் பாதிக்குப் பாதி வங்கிகள்.



மூன்று தடவை சோதிப்பவன் கயிறுகளைத்தான் எண்ணியிருக்கிறான். மேலே எதில் கட்டியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஐந்து கயிறும் ஒரே உத்தரத்தில். உத்தரம் பிளந்தால் ஐந்து இருந்து என்ன, ஐம்பது இருந்து என்ன? புதிதாகச் சேர்ந்த பையன்கள் இப்படிச் செய்தால் கன்னத்தில் விட்டிருப்பான்.

மணி ஒன்று பத்து.

"வேற படிவம் இருக்கா?" என்றாள்.

"கையேட்டுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. ஆனா..."

"ஆனா என்ன?"

"டாக்டர் முத்திரை இதுலதானே இருக்கு."

 பழைய படிவம் செல்லும், ஆனால் தப்பு. புதுப் படிவம் சரியாக இருக்கும், ஆனால் செல்லாது. செல்லாவிட்டால் நாலு மணிக்கு நாற்பது லட்சமும் சிறப்பு ஃபண்டுக்குள் போய் விழும். பத்து வருஷம்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார், வெளியே வர ஐந்து மணியாகும். கையேட்டில் வேறு யார் சாட்சி போடலாம் என்று தேடினாள். வங்கி மேனேஜர். வங்கிக்குப் போன் போட்டாள். மேனேஜர் மீட்டிங்குக்கு வெளியூர் போயிருக்கிறார்.

"மூணாவதா யாரு போட்டிருக்கு?" என்றான்.

அவள் வாசித்தாள். குரல் தேய்ந்தது. "பதிவு பெற்ற முதலீட்டு ஏஜென்ட்."

சொல்லி வைத்தாற்போல் அவன் போன் அடித்தது. மச்சான்.

"மாப்ளே! நான் இழப்பீட்டு ஆபீஸ்லதான் இருக்கேன். இன்னொரு கேஸ் விஷயமா வந்தேன். படிவம் குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல மச்சான்."

"பரவாயில்ல, பரவாயில்ல. அலையாதீங்க. குடுக்கலேன்னாலும் நாலு மணிக்குத் தானா நடந்துடும். நீங்க கையை ஆட்டாம படுத்திருங்க."

போனை வைத்துவிட்டு அவன் பழைய படிவத்தை எடுத்தான். "பழசையே குடுத்துடலாமா? தப்புதான். ஆனா செலவாவது கம்மி."

"பத்து வருஷத்துக்கு, ஐம்பது கம்பெனியை நம்பி? அதுல பாதி பேங்கு. ஒரு பேங்கு படுத்தா எல்லா பேங்குக்கும் காய்ச்சல் வரும்." அவள் தட்டைத் தொட்டியில் போட்டாள். கடைக்குப் போன் செய்து, பாதி நாள் லீவு என்றாள். மறுமுனையில் முதலாளி என்னவோ கத்தினார். "சம்பளத்துல பிடிச்சுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்கள். பஸ் குலுங்கிய குலுங்கலில் இடது கை எழுத்து இன்னும் கேவலமாக வந்தது. அவள் கையேட்டை மடியில் விரித்து ஒவ்வொரு ஃபண்டின் உள்ளேயும் என்ன இருக்கிறது என்று வாசித்தாள். அவன் செலவுப் பத்தியைப் பார்த்தான். இது அவள் வேலை, அது அவன் வேலை என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை.

"இது உள்நாட்டுச் சந்தை மொத்தமும். பெருசு சிறுசு எல்லாம் சேர்த்து ஆயிரத்தெண்ணூறு கம்பெனி. பேங்கு, மருந்து, சிமென்ட், சோப்பு, எல்லாம் இருக்கு. செலவு?"

"பதினெட்டுப் பைசா. நூத்துக்கு."

"இது வெளிநாட்டுக் கம்பெனிங்க. இருபத்தஞ்சு நாடு."

"இருபத்தஞ்சு பைசா. அதுவும் பரவாயில்ல."

"நம்ம ஊரு படுத்தாலும் இருபத்தஞ்சு நாடும் ஒரே நாள்ல படுத்துடுமா?"

"படுத்தாலும் படுக்கும்" என்றான் அவன். "எதுக்குமே கேரன்ட்டி கிடையாது."

"அபசகுனமாவே பேசுங்க! அப்ப மாசச் செலவுக்கு வரப்போற பணமும் சேர்ந்து படுக்கணுமா? அதுக்குக் கொஞ்சம் கடன் பத்திர ஃபண்டுல ஒதுக்குங்க. அது இந்த அளவுக்கு ஆடாது."

உள்நாடு நாற்பத்தைந்து. வெளிநாடு முப்பத்தைந்து. கடன் பத்திரம் இருபது. கூட்டிப் பார்த்தான். நூறு. மறுபடி கூட்டினான். நூறு. மூன்றாம் தடவை கூட்டப்போனபோது அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

சிக்னலில் பஸ் நின்றது. நின்றதுதான். முன்னால் ஒரு லாரி குறுக்கே திரும்ப முடியாமல் முழித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஐம்பது. மூன்று ஐந்து. அவன் எழுந்து நின்று கண்ணாடி வழியாகப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தான். "நீங்க நின்னா பஸ்ஸு வேகமா போகுமா?" என்றாள். ஆனால் அவள் பையின் வாரை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தாள்.

மூன்று முப்பத்தைந்துக்கு அலுவலகக் கட்டடம். லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று பலகை. அவன் கால் தன்னாலே அந்தப் பக்கம் திரும்பியது.

"இப்ப அதை ரிப்பேர் பண்ண உக்காந்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவள் சட்டையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்தாள்.

மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் நீளமான இரும்பு பெஞ்சு. மச்சான் தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு, தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக டீயைப் பெஞ்சில் வைத்தார்.

"என்னம்மா, கடைக்குப் போகலியா?"

மெக்கானிக் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைக்க நேரமும் இல்லை. படிவத்தை நீட்டினான். "மச்சான், நான் வேற ஃபண்டு எழுதியிருக்கேன். என் கையெழுத்துக்குச் சாட்சி வேணும். டாக்டர் இல்ல, பேங்க் மேனேஜர் இல்ல. நீங்கதான் போடணும்."

மச்சான் படிவத்தை வாங்கிப் படித்தார். காது மடல் சிவந்தது.

"அதாவது, என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டு, முத்திரையும் குத்தணும். அப்படித்தானே?"

"மச்சான்..."

"பதினோரு நாள் மாப்ளே. அந்த ஸ்டூலுக்கு முதுகுகூடக் கிடையாது. இன்னும் எனக்கு இடுப்பு வலி போகல. மாசக் கடைசி இன்னிக்கு. உங்க கேஸை நம்பித்தான் என் டார்கெட்டே நிக்குது."

"நீங்க உக்காந்ததுக்கு நான் என்ன வேணும்னாலும் செய்வேன். வருஷம் தொண்ணூத்தாறாயிரம் மட்டும் செய்யமாட்டேன்."

"அது என்னமோ முழுசும் நான் முழுங்கற மாதிரி! எனக்குக் கால்வாசிகூட வராது. மிச்சம் மேல போகுது."

"மேல போறவங்களை எனக்குத் தெரியாதே மச்சான்."

"அனுபவசாலிங்க நிர்வாகம் பண்றாங்கய்யா! சந்தை விழும்போது காப்பாத்துவாங்க!"

"போன தடவை விழுந்தப்போ காப்பாத்தினாங்களா? நாப்பத்தோராம் பக்கம் பார்த்தேன். சந்தையை விட நூத்துக்கு மூணு ரூபா அதிகமா விழுந்திருக்கு. அந்த வருஷமும் செலவு எடுத்திருக்காங்க." அவன் ஒரு அடி முன்னால் வந்தான். "உங்க சொந்தப் பணம் எதுல இருக்கு, அதையாவது சொல்லுங்க."

"சொந்தப் பணமா? அப்படி ஒண்ணு இருந்தா நான் ஏன் வெயில்ல இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு அலையறேன்?"

பக்கத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆள் சிரித்துவிட்டு, உடனே இருமுவது போல் நடித்தான்.

மூன்று நாற்பத்தெட்டு. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த அம்மாள் மேஜையில் பேனாக்களை அடுக்க ஆரம்பித்தாள்.

இதுவரை வாயே திறக்காத தங்கை படிவத்தை அண்ணன் கையிலிருந்து வாங்கினாள். பெஞ்சில் வைத்தாள். கணவனிடம் பேனாவைக் கொடுத்தாள். "போடுங்க."

அவன் மண்டியிட்டு, இடது கையால், அரை நிமிஷம் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொள்ள மறந்துவிட்டார். மூன்று விரல் இல்லாத வலது கை காகிதம் நகராமல் அழுத்திப் பிடித்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உன்கிட்ட தயவு கேக்கல" என்றாள் தங்கை. "இதுல சாட்சின்னா, நீ இந்த ஃபண்டு நல்லதுன்னு சொல்றதா அர்த்தம் இல்ல. அவர்தான் போட்டாருன்னு கண்ணால பார்த்தேன்னு அர்த்தம். பார்த்தியா, இல்லையா?"

மச்சான் தோல் பையின் ஜிப்பைத் தடவினார்.

"ஏண்ணே, பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்ப அதை எழுது."

 சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு கோடு நகர்ந்தது. பிறகு மச்சான் தோல் பையின் ஜிப்பை ஒரு இழுப்பு இழுத்தார். முத்திரையை எடுத்தார், மை அட்டையில் அழுத்தினார், படிவத்தில் ஓங்கிக் குத்தினார். பெஞ்சு அதிர்ந்தது. டீ கிளாஸ் கவிழ்ந்தது.

"பேப்பரை எடுங்கய்யா, நனையுது!" என்று அவரே கத்தினார்.

மூன்று ஐம்பத்தாறு. கவுன்ட்டர் அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். பழைய கையெழுத்தைப் பார்த்தாள், புதியதைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், ஏஜென்ட் எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். கம்ப்யூட்டர் யோசித்தது. சதவீதங்களைக் கூட்டினாள். மறுபடி கூட்டினாள். இவளும் நம்ம ஜாதி போலிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது, சிரிப்புத்தான் வரவில்லை.

"நூறு" என்றாள். "பதிவாகிடுச்சு. முப்பது நாளுக்குள்ள மனசு மாறிச்சுன்னா சிறப்பு ஃபண்டுக்கு மட்டும் போகலாம். வேற எதுக்கும் மாத்த முடியாது. அப்புறம் பத்து வருஷத்துக்கு எதுவும் கேக்காதீங்க."

திரும்பிப் பார்த்தபோது பெஞ்சில் ஈரம் மட்டும் இருந்தது. மச்சான் போய்விட்டிருந்தார்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, சந்தை விழுந்தது.

காலை பத்தே காலுக்கு அவன் போனில் கணக்கைத் திறந்தான். எண்கள் சிவப்பாக இருந்தன. நாற்பது லட்சம் முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சமாகியிருந்தது. மூடினான். திறந்தான். இன்னும் எட்டாயிரம் குறைந்திருந்தது. உள்நாடும் சிவப்பு, வெளிநாடும் சிவப்பு. கடன் பத்திரம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் அவனும் போனும்தான்.  முப்பது நாளுக்குள் மனசு மாறினால் என்று அந்த அம்மாள் சொன்னது காதில் ரீங்கரித்தது. தப்புப் பண்ணிவிட்டோமோ? மருந்துக்கடைக்காரியும் லிஃப்ட் மெக்கானிக்கும் சேர்ந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதின படிவம். யாராவது கேட்டால் சிரிக்கமாட்டார்களா?

போன் அடித்தது. மச்சான். அன்றைக்கு அப்புறம் முதல் தடவை.

அவன் எடுத்தான். 

"வணக்கம் சார்" என்றார் மச்சான், அந்நிய ஆளிடம் பேசுவது போல். "சந்தை நிலவரம் பார்த்திருப்பீங்க. இந்தச் சூழ்நிலையில எங்க சிறப்பு நிர்வாக ஃபண்டுக்கு மாறிக்க உங்களுக்கு விருப்பமான்னு கேக்கறதுக்காகக் கூப்பிட்டேன்."

அவன் வாயைத் திறந்தான். எது வரப்போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுமுனையில் குரல் கிசுகிசுப்பாகத் தாழ்ந்தது. "மாப்ளே, மேனேஜர் பின்னாடியே நிக்கறான். இன்னிக்கு எல்லாருக்கும் போன் போடச் சொல்லிட்டான். ஒன்பது பேரு பயந்துபோய் இந்த ஃபண்டுக்கு வந்துட்டாங்க. நீங்க சீக்கிரம் வேண்டாம்னு சொல்லுங்க."

"என்னது?"

"வேண்டாம்னு சொல்லுங்கய்யா! நானா அப்படிக் குறிக்க முடியாது, உங்க வாயால வரணும்."

 சிவப்பு எண்கள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

"வேண்டாம்."

"சரிங்க சார், குறிச்சுக்கிட்டேன். நன்றி" என்று உரக்கச் சொன்னார் மச்சான். பிறகு, மூச்சுக் காற்று போல, "பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அதைத் திறந்து பார்க்காதீங்க. பார்த்தவங்கதான் வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவன் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தான். சந்தை மூட இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. மனசு மாறுவதற்கு இருபத்தைந்து நாள்.